எட்டு லட்சமும் ஒரே லாட்டில்

அவிநாசிபாளையம்,
கார்த்திகை 12.

அன்புக் கண்ணு தரணிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நம் பனியன் கம்பெனியின் பன்னிரண்டு மெஷின்களும் நலம், அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் ஆளும் நலமாக இருக்க மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து திட்டுவாய், கடிதத்தில் கடைசி வரைக்கும் நான்தான் பேசுவேன், அதனால்தான் அம்மா அரைத்த மசாலாப் பொடிப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். பேங்கில் மூன்று வருடத்துக்குப் போட்டிருந்த டெபாசிட்டை, முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கும்போதே உடைத்துவிட்டேன். கத்தாதே, உட்கார்ந்து படி. தலைப்பிரசவத்துக்கு உன்னை இங்கே கூட்டி வந்திருக்க வேண்டும், லீவு இல்லை என்றாய், சரி நானே வந்து கூட இருக்கிறேன் என்றாள் உன் அம்மா. நீ என்ன சொன்னாய், இப்போது டெபாசிட்டை எடுத்தால் வட்டியில் பிடிப்பார்கள், எனக்கு ஒன்றும் பயமில்லை, ஆடியில் அது முடிந்ததும் நிதானமாக வாருங்கள் என்றாய். அடடா, என் மகளுக்கு எவ்வளவு விவரம் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உன் அம்மா சரி கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அதற்கப்புறம் நாலு நாள் வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. ஐந்தாம் நாள் காபியும் வரவில்லை. என்ன தெய்வாத்தா என்று கேட்டதற்கு, ஆடியில போனா புள்ள தவந்துட்டு இருக்குமுங்க, பெத்துப் போட்டுட்டுத் தனியாப் படுத்துக் கிடக்கறவளை ஆருங்க பார்க்கறது என்று கேட்டாள். மறுநாளே இரண்டு பேரும் பேங்கில் இருந்தோம்.

அங்கேதான் என் புத்திசாலித்தனம் வெளுத்தது. டெபாசிட் போடும்போதே நாலைந்தாகப் பிரித்துப் போடுங்கள் அப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். முப்பது வருடமாக நூல் வாங்குகிறவன் நான், ஒரே மொத்தச் சரக்காக இல்லாமல் லாட் பிரித்து வாங்கினால் சாயம் போட்டு வரும்போது ஒரு பனியன் ஒரு கலர், இன்னொரு பனியன் இன்னொரு கலர். அந்தப் பழக்கத்தில் எட்டு லட்சத்தையும் ஒரே லாட்டாக ஒரே ரசீதில் போட்டுத் தொலைத்திருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட், விசா, செலவு எல்லாம் சேர்த்து வேண்டியது இரண்டரை லட்சம், உடைக்க வேண்டியதோ எட்டும். பேசியிருந்த ஏழேகால் வட்டி இல்லையாம், ஓடிய இரண்டேகால் வருடத்துக்கு உள்ள ஏழு வட்டியிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறுதான் கொடுப்பார்களாம். பனியன் வாங்க வருகிற வெளிநாட்டுப் பையரிடம் பேசுகிற மாதிரி, அந்த ஒன்றை அரையாகப் போட்டுக்கொள்ளுங்கள், பழைய பார்ட்டி நாங்கள் என்று பேரம் பேசினேன். ஆபீசர் வேல்விழி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், சிரித்துவிட்டு, சார், இது பனியன் ரேட் இல்ல, கம்ப்யூட்டர் போடுத கணக்கு, என்னால ஒண்ணும் செய்ய முடியாது என்றாள். மொத்தத்தில் இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் போயிற்று. நல்ல பெண், உடைக்காமல் ரசீதின் பேரிலேயே கடன் வாங்கலாம், நஷ்டம் குறையும் என்றும் சொன்னாள். எனக்கு ஆசைதான். உன் அம்மா விடவில்லை, கடன் வாங்கிட்டுப் போயித்தான் பேரப்புள்ளையத் தூக்கோணுமாக்கும் என்று ஒரே போடு. மிச்சத்தை நாலாகப் பிரித்துப் போட்டாயிற்று, இனிமேல் நீ இதைச் சொல்லிக் காட்டக் கூடாது.

விசாவும் வந்துவிட்டது. அழைப்புக் கடிதம் அனுப்பியது மாப்பிள்ளைதான், உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன், சுரேந்தரைத் திட்டாதே. குளிரை நினைத்தால்தான் எனக்கு உதறல். தெர்மல் உள்ளாடை தைத்து உங்கள் ஊருக்கே அனுப்புகிற கம்பெனியில் நாலு செட் சொல்லி வாங்கினேன், அம்மா இந்த வெயிலிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வேர்த்து வழிய நிற்கிறாள். பிரசவ லேகியம் கிண்டியாயிற்று. நீ இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே, ஐஸ் கிடக்கும் ரோட்டில் வேகமாக நடக்காதே, துணிக் கூடையைத் தூக்காதே.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பேங்க் பாரத்தில் முன்கூட்டியே எடுப்பதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வேல்விழியிடம், என்ற புள்ள வர வேண்டாம்னு சொல்லிப்போட்டா கண்ணு, அதனால போறோம்னு எழுதிக்க என்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடும்பச் செலவு என்று எழுதிக்கொண்டது. நீ வேண்டாம் என்றதை நம்பியவன் நான் ஒருத்தன்தான் கண்ணு, அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

தாயும் பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து வர எங்கள் ஆசீர்வாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முன்னால், தை மூன்றாம் தேதி வந்து இறங்குகிறோம். அம்மம்மா வருகிறாள், அதுவரைக்கும் அவசரப்படாமல் உள்ளேயே இருக்க வேண்டும் என்று அந்த ஆளிடம் மறக்காமல் சொல்லிவை.

இப்படிக்கு,
பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் உன் அப்பா,
ஈஸ்வரமூர்த்தி