நீ வைத்த பாதாம் மரத்தின் இலையில் அக்காவின் பந்தி

பயப்படாதே, மரத்தை வெட்டவில்லை, என் செல்ல அம்மா. பாதி இலைதான் இல்லை. இன்று செல்வியக்காவின் கல்யாணப் பந்தி அந்த இலையில்தான் நடந்தது.

தப்பு என்னுடையது. நம் கரிசலில் வாழை ஏது? நேற்று கோவில்பட்டியில் இலைக்கட்டு வாங்கிப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். வாடிவிடக் கூடாதே. நம் வீட்டில் குளிர்ச்சியான இடம் எது? ஆட்டுக் கொட்டகை. அங்கேயே வைத்தேன், வாசல் படலைக் கட்ட மறந்துவிட்டேன். காலையில் போனால் நடுநரம்பு மட்டும் கிடக்கிறது. ஆடுகள் அசைபோட்டபடி என்னைப் பார்க்கின்றன.

தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம். முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் சாப்பிட உட்காருவார்கள். கோவில்பட்டிக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. அப்பா என்னிடம் பேசவில்லை, ஊரிடம் பேசினார். “படிப்பைத்தான் பாதியில விட்டான். இப்பம் பந்தியையும் கெடுத்துட்டான்.”

பட்டுச்சேலையோடு அக்காதான் வெளியே வந்தாள். “ஏலே, அம்மா இருந்தப்ப காட்டுக்குச் சோறு எதுல கட்டிக் கொண்டுபோவா? ஏறுலே மரத்துல.”

ஏறினேன். அகலமான இலையாகப் பறித்துப் பறித்துப் போட்டேன். கீழே சித்தியும் அத்தைமாரும் புது விளக்குமாற்றைப் பிரித்து, ஈர்க்குச்சியால் ஐந்தைந்து இலையாகத் தைத்தார்கள். உதிர்ந்து கிடந்த கொட்டைகளைப் பிள்ளைகள் கல்லால் உடைக்க, சமையல்காரர் அந்தப் பருப்பையும் வறுத்துப் பாயசத்தில் போட்டுவிட்டார்.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியம்மா இலையைத் தடவிப் பார்த்தார். ரசம் ஊற்றச் சொன்னார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“நல்லாத்தான இருக்கு. யாரு வச்ச மரம்?”

குப்பை விழுகிறது என்று இரண்டு தடவை அரிவாள் எடுத்தாரே அப்பா, அவர் முந்திக்கொண்டார். “எங்க வீட்டுக்காரி வச்சது. ஒரு கொப்பக்கூட நான் ஒடிக்க விட்டதில்ல.”

சிரிப்பை அடக்க மோர் வாளியோடு ஓடினேன்.

அக்கா மூன்று தடவை பாயசம் வாங்கினாள். மணப்பெண் இப்படியா சாப்பிடுவாள்? நீ இருந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாயோ, நாலாவது தடவை ஊற்றச் சொல்லியிருப்பாயோ?

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். சிரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இப்போது கண் கலங்குகிறது. மாதம் ஒரு தடவை விளாத்திகுளத்தில் அவள் மாமியார் வீட்டுக்குப் போய் அவளை வம்பிழுத்துச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. அவளை ஏற்றிவிடணும், கூப்பிடுகிறார்கள். வாரேம்மா.

உன் கடைக்குட்டி,
முத்து