பொன்டியாக்கை விற்கச் சொன்னீர்கள்

மொன்றியல்
ஆனி 8

சாருஜாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நலம். நீங்களும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ரெலிபோனில் கதைத்தால் பக்கத்தில் உங்கள் தங்கச்சி நிற்பா. கேட்க வந்ததை விட்டுவிட்டு, மழை பெய்ததா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் யாழ்ப்பாணம் வரும் இரவிச்சந்திரனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சியின் மனுசன், மச்சானின் செத்தவீட்டுக்கென்று போனீர்கள். மூன்று மாதம் என்றீர்கள். இப்போது பதினொரு மாதம். போன மாதம், முதுகுக்கு இந்த வெயில் நல்லாயிருக்கு, இஞ்சையே இருந்திடலாம் போலை, பொன்டியாக்கை வித்துப்போடும் என்றீர்கள். முப்பது வருடம் டோர்வல் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிய முதுகு நோகத்தான் செய்யும். ஆனால் நீங்கள் உயிராய் வைத்திருந்த அந்தப் பழைய காரை விற்கச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்காதா? எனக்கு வில்லரே குழந்தைகள் காப்பகத்தில் இன்னும் இரண்டு வருட வேலை இருக்கிறது. சாருஜாவும் படித்து முடிக்கவில்லை. நான் அங்கே வந்துவிட முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

இருந்தாலும் சொன்னபடி செய்யத்தான் போனேன். யோசெப் அண்ணையின் கராஜில் போர்வைக்குள் கிடந்ததை வெளியே எடுப்பித்தேன். பற்றரி மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வாங்கி ஆறு வருடமாகியும் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோக நீங்கள் விடவில்லை. சந்தனம் பட்டால் பெயின்ற் பழுதாகும் என்றீர்கள். பிறத்தியார் கைக்குப் போகமுதல் ஒரு பூசையாவது நடக்கட்டும் என்று நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

அங்கேதான் வினை. ஐயர் முன்சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு, மெள்ள எடுங்கோ அம்மா என்றார். எங்கள் கொரோலாவை மிதிக்கிற அளவுக்குத்தான் மிதித்தேன். உறுமிக்கொண்டு பாய்ந்த பாய்ச்சலில் தேசிக்காயும் போச்சு, கோயில் அறிவித்தல் பலகையும் போச்சு. ஐயர் கற்பூரத் தட்டோடு செருப்பு அடுக்குக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒருவருக்கும் காயமில்லை. முன்பம்பர் இடப்பக்கம் நெளிந்துவிட்டது. ஸ்ரியறிங்கில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். நீங்கள் போனபிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

வாங்க வந்தவர் லவாலில் இருக்கும் ஒரு பிரெஞ்சுக் கிழவர். பத்தொன்பது வயதில் இதே பொன்டியாக் ஜி.டி.ஓ. ஒன்று வைத்திருந்தவராம், கலியாணத்தோடு விற்றவராம். பம்பர் ஏன் நெளிந்தது என்று கேட்டார். என் அரைகுறைப் பிரெஞ்சில் தேசிக்காய்க் கதையைச் சொன்னேன். பிறகு வாய் நிற்கவில்லை, இந்தக் காரின் சரித்திரம் முழுக்கச் சொன்னேன். அறுபத்துநாலில் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி நடுத்தரக் காருக்குள் வைத்தது, பெரிய எஞ்சின் கூடாது என்ற கம்பனியின் கட்டுப்பாட்டைத் தாண்ட அதை மேலதிக வசதி என்று சொல்லி விற்றது, சாதாரண வேலைக்குப் போகிற பெடியளும் வாங்கக்கூடியதாக இருந்தது, எழுபதில் உச்சத்துக்குப் போய், காப்புறுதிக்காரரும் புகைச் சட்டமும் பெற்றோல் தட்டுப்பாடும் சேர்ந்து பத்தே வருடத்தில் எல்லாம் முடிந்தது. சோறு ஆற ஆற நீங்கள் சொன்ன அத்தனையும் வரிசையாக வந்தது. அப்போது எனக்கு எரிச்சல்தான். இவ்வளவும் மனப்பாடம் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

கடைசியில் கிழவர், மடாம், உண்மையாக விற்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மனுசன் கோபிக்கவில்லை, கைகொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போகிறேன். பெற்றோலைத் தண்ணியாய்க் குடிக்கிறது. அம்மாவுக்கு விசர் என்கிறாள் சாருஜா. எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போச்சு. நாள்முழுக்க மேலாளர் சொன்னபடி பெட்டி தூக்கிய மனுசனுக்கு, தன் காலுக்குக் கீழே தன் சொல்லைக் கேட்கிற ஒன்று வேண்டியிருந்திருக்கிறது. அதை நான் வீண் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிழைதான்.

விற்பதென்றால் பதிவு அலுவலகத்தில் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். நேரில் வராவிட்டாலும், எனக்கு அதிகாரம் தந்து ஒரு கடிதம் அனுப்பினால் போதுமாம். மறைக்கக்கூடாது என்று சொல்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்.

தங்கச்சிக்கு இப்போது நீங்கள் வேண்டும் என்று தெரியும். எனக்கும் வேண்டும். முப்பத்துநாலு வருடத்தில் வாயால் சொல்லாததை எழுதுகிறேன். வாருங்கள்.

அம்பாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
இந்திராதேவி