முன் பிரேக் கேபிளைக் கழற்றிவிடுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டாம் என்று போனில் சொன்னேன் அல்லவா? அம்மா பக்கத்தில் இருந்ததால் காரணம் சொல்லவில்லை.

போன வாரம் பட்டறையில், உங்களுடையதைப் போன்ற ஒரு பழைய வண்டிக்குப் புது பிரேக் கேபிள் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பழைய மாதிரியைப் பார்த்து இப்போது செய்கிற சரக்கு. பார்வைக்கு அசல் தோற்றுவிடும். தெருமுனையில் பிரேக்கைப் பிடித்ததும் கேபிள் நுனியில் பற்றவைத்திருந்த உருண்டை கழன்றுவிட்டது. வேலியில் போய்த்தான் நின்றேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. முதலாளி ஓடி வந்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

உங்களுக்கு நான் அனுப்பியதும் அதே பெட்டியில் வந்த கேபிள்தான். உடனே கழற்றிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடச் சொல்லி உங்களோடு மல்லுக்கு நின்றேன். "இந்த மனுஷன் எதைத்தான் தூக்கிப் போட்டாரு!" என்று அம்மா புலம்புவாளே, அது இந்த முறையும் உண்மையாக இருக்கட்டும்.

பழையதை மாட்டியதும் வண்டியை ஸ்டார்ட் செய்து, எனக்குப் போன் போட்டு சைலன்சர் பக்கத்தில் பிடியுங்கள். பிரேக்குக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிடம் ஓடட்டும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்