கெஸியாவின் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது?

21 ஏப்ரல் 2025, திங்கள்

தவக்காலம் முடிந்து நேற்று ஈஸ்டர். இனி குன்னூரில் கல்யாணங்கள் வரிசை கட்டும். கல்யாண வீடியோ எடுக்கிற எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோர் வாயிலும் கெஸியா. காலையில் கோயிலில் எடுத்ததை அன்று மாலை ரிசப்ஷனிலேயே படமாகப் போட்டுக் காட்டிவிடுகிறாளாம். நேற்று முளைத்தவள்!

27 ஏப்ரல், ஞாயிறு

பூசையில் ரேச்சலுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மே 15 கல்யாணம். என் வீட்டுக்காரரின் அக்கா மகள் அவள். வீடியோ நமக்குத்தான் என்றிருந்தேன். வெளியே வந்ததும் ரேச்சலின் அம்மா பியாட்ரிஸ் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காத ஈவ்லின். சாயங்காலமே படம் போடோணும்ங்கறா ரேச்சலு. அதான் கெஸியாவக் கேக்கலாம்னு..."

"நானே போடறேன் அண்ணி."

சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே! பத்து நிமிடப் படத்தை முடித்துக் கொடுக்க என் கம்ப்யூட்டர் ஒரு மதியத்தையே விழுங்கும். ஆனால் வேறென்ன சொல்வது? சொந்த ஊட்டுக் கல்யாணத்துல அவ கேமராவோட நிக்க, நான் பந்தியில உக்காந்து பிரியாணி திங்கறதா?

29 ஏப்ரல், செவ்வாய்

இங்கே பெட்ஃபோர்டு பகுதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வேலுசாமியைப் பார்த்தேன்.

"இப்ப வந்த ப்ராசஸருக்கும் போன வருசத்ததுக்கும் பதினெட்டாயிரம் வித்தியாசமுங்க. உங்க வேலைக்குப் பழசே போதும். கொஞ்ச நிமிசந்தான் முன்னப்பின்ன ஆகும்."

"கெஸியா எது வச்சிருக்கா?"

"அவங்க நம்மகிட்ட வாங்கலீங்க."

புதியதுதான் வைத்திருப்பாள். போன வருடத்ததை வாங்கி அவளுக்கு ஒரு படி கீழே நிற்கவா? வீட்டுக்காரர் கொர்னேலியஸிடம் சொன்னேன். "அது ஜினோவோட காலேஜ் பீஸு" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். பையன் படிப்புப் பணம் என்று எனக்குத் தெரியாதா என்ன?

2 மே, வெள்ளி

கெஸியாவின் ஸ்டேட்டஸில் யாரோ ஒரு மணப்பெண்ணின் அம்மா அழுகிறார். திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐயோ, நான் பார்த்தது அவளுக்குத் தெரியுமே.

5 மே, திங்கள்

வெட்கத்தைவிட்டு, ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கியுடன் அவள் வீட்டுக்கே போனேன். ஜன்னலைத் திறந்துபோட்டு, குளிர்காற்றில், மேசைமேல் வைத்திருக்கிறாள் கம்ப்யூட்டரை. டீ போட உள்ளே போனதும் குனிந்து ஸ்டிக்கரைப் படித்தேன். என்னுடையதைவிடப் பழசு!

டீயோடு வந்தவள் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டாள். "அது அண்ணன் உட்டுட்டுப் போனதுங்க அக்கா. உங்களுது எங்க வச்சிருக்கீங்க?"

"பீரோவுக்குள்ள. பல்பு போட்டு."

அப்படிச் சிரித்தாள். "ஏனுங்கக்கா, ஸ்வெட்டரும் போட்டு உட்டீங்களா? சூடானா அது தானா மெதுவாயிருமுங்க."

நான் என்ன செய்வது? இங்கே மூடுபனி வீட்டுக்குள் வந்தால் துணி, செருப்பு, லென்ஸ் எல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. எல்லாவற்றையும் பீரோவில் வைத்து, உள்ளே ஓயாமல் ஒரு பல்பை எரியவிடுகிறோம். கம்ப்யூட்டரையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டேன். வயருக்காகப் பின்பலகையில் ஓட்டை போட்டுக் கொடுத்தவர் கொர்னேலியஸ். அவரும்தான் யோசிக்கவில்லை.

6 மே, செவ்வாய்

வெளியே எடுத்து வைத்தேன். பறக்கிறது. புது ப்ராசஸர் வேண்டாம் என்று வேலுசாமிக்குப் போன் செய்துவிட்டேன். ஜினோவின் பணம் தப்பித்தது. கொர்னேலியஸுக்கு வாயெல்லாம் பல். போயும் போயும் அவ சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?

15 மே, வியாழன்

ரேச்சல் கல்யாணம். ரிசப்ஷனுக்கு ஒரு மணி நேரம் முன்பே படம் தயார்! மண்டபத்தில் போட்டோம். கை தட்டினார்கள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்கள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த கெஸியா பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் கேட்டாள். "கோயில்ல ரேச்சல் கைய மாப்பிள்ளகிட்டக் குடுக்கறப்ப அவங்கப்பா கண்ணத் தொடச்சுட்டாருங்களே, அத வெட்டிட்டீங்களாக்கா?"

வெட்டிவிட்டேன். பாட்டின் தாளத்துக்குப் பொருந்தவில்லை என்று. ஒரு மணி நேரம் கையில் இருந்தது, திரும்பச் சேர்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. கோயிலில் கடைசி வரிசையில் நின்றவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இத்தனை நாள் அவள் கம்ப்யூட்டர் பெட்டியை நினைத்து வயிறெரிந்தது எவ்வளவோ மேல். பெட்டியைக் கடையில் வாங்கலாம்.

25 மே, ஞாயிறு

அண்ணி வீட்டில் சின்ன மகளுக்கு நிச்சயதார்த்தம் வைக்கிறார்களாம். பூசை முடிந்து பியாட்ரிஸ் அண்ணி வந்தார்.

"எத்தன நாளைக்குத்தான் நீயும் கேமராவும் கையுமா நிப்ப? இந்தத் தடவ விருந்தாளியா வந்து உக்காரு ஈவ்லின்." பிறகு முகத்தைப் பார்க்காமல், "உன்கிட்ட கெஸியா நம்பர் இருக்கா?"

போனை எடுக்கவே இல்லை நான். மனப்பாடமாகச் சொன்னேன்.