பாலைவனத்துக்குத் தண்ணி

12 ஆகஸ்ட், செவ்வாய்

சிரம்பான் ஆஸ்பத்திரியில என் கூட்டாளி சேகரைப் பாத்துட்டு வந்தேன். கிட்னி ரெண்டும் போச்சு. இனி வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதாம்.

டிசம்பர்ல நாங்க ரெண்டு பேரும் ஜோர்டான் பாலைவனத்துல சைக்கிள் ஓட்டப் போறதா இருந்தோம். அதுக்காகத்தான் செம்பனைத் தோட்டத்து மேட்டுல, முதுகுல தண்ணிப் பையைச் சுமந்துகிட்டு ஏறிப் பழகினோம். "அங்க தண்ணிதான்லா உயிரு"ன்னு அவன்தான் அடிக்கடி சொல்லுவான்.

இன்னிக்கும் அதே பேச்சுதான். "மச்சான், ரெண்டு பேருக்கும் பெரிய தண்ணிப் பையா ஒண்ணு வாங்கினா போதும். எனக்கு அரை லிட்டர்தான்லா." கிண்டல் பண்றானா, நெசமாவே போகலாம்னு நம்புறானா, தெரியல. நான் சரின்னு சொன்னேன். அவன் பொண்டாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

பேசும்போதெல்லாம் அவன் கண்ணு என் கையில இருந்த தண்ணி பாட்டில் மேலயே இருந்துச்சு. அதைக் கட்டிலுக்குக் கீழ தள்ளினேன். பாத்துட்டான்.

"குடிடா. நீ குடிக்கிறதையாவது பாக்கிறேன்."

என்னால முடியல.

வீட்டுக்கு வந்து சோறு தின்னாச்சு. தொண்டை காயுது. பக்கத்துல டம்ளர் நிறைய தண்ணி இருக்கு. கை போகமாட்டேங்குது.