சந்தேகத்தோடு வண்டியில் ஏறியவள்

டீச்சர்,

இன்று காலை தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, முன்னால் ஒரு தட்டுக் கறிபாப்பை வைத்தார். அப்போதுதான் பொரித்தது. கிழங்கு மசாலா வாசனை அறை முழுக்க அடித்தது. நான் தொடவில்லை. கறிபாப் வாசனை பட்டாலே எனக்குச் சந்தேகம் கிளம்பிவிடும் என்பது இந்தப் பள்ளியில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இருந்திருந்தால் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

விஷயம் இதுதான். சிறப்புக் கல்வி வகுப்புகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உதவியாளர்களுக்குச் சனிக்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு பயிற்சி. அதில் நான் போய்ப் பேச வேண்டுமாம். "உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கு தனம். நீங்க பேசினாதான் சரியா இருக்கும்" என்றார். கறிபாப்பும் புகழ்ச்சியும் சேர்ந்து வந்தால் நான் என்ன நினைப்பேன்? "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். வகுப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் மனத்துக்குள் குடைச்சல். ஏன் என்னை? ஏன் இப்போது? சனிக்கிழமை என்னை அங்கே அனுப்பிவிட்டு இங்கே வகுப்பில் என்ன செய்யப் போகிறார்கள்? படியேறும்போதுதான் உறைத்தது, சனிக்கிழமை பள்ளியே கிடையாது.

நீங்கள் முதன்முதலில் என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோதும் இப்படித்தான் இருந்தேன். ஓய்வு நேரம். பிள்ளைகளின் தட்டுகளை நான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தனம், உதவியாளர்களுக்கு ஒரு கோர்ஸ் வருது. உங்க பேரைக் கொடுக்கட்டுமா?"

"எதுக்கு டீச்சர்? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் தெப்ராவ் கதையை உங்களுக்குச் சொன்னேன். பள்ளிக்கு வருவதற்கு முன்னால் அங்கே ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததைப் பொறுக்கிப் போடுவது என் வேலை. பல வருடம் கோளாறை மட்டுமே தேடிப் பழகிய கண் இது. ஒருநாள் மாடியில் பயிற்சி என்றார்கள். கறிபாப், தேத்தண்ணி எல்லாம் தடபுடல். புதிதாக வந்த பெண்களுக்கு என் வேலையை நான் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் ஓர் ஆளாக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்களே! ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் கற்று முடித்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேட்டுவிட்டு, "அலமாக், அடக் கடவுளே" என்றீர்கள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "சந்தேகமா இருந்தா இருக்கட்டும் தனம். வண்டியில ஏறுங்க. நானும் வரேன்" என்றீர்கள்.

நீங்களும் வருகிறீர்கள் என்றதும் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. உதவியாளர்களுக்கான பயிற்சியில் ஆசிரியருக்கு என்ன வேலை? வேவு பார்க்கவா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என் வீட்டுக்காரர் விடியுமுன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மனிதர். அவரிடம் கேட்டேன். "போய்ட்டு வா. என்ன நடந்தாலும் கையெழுத்து மட்டும் போட்டுடாதே" என்றார். குடும்பமே இப்படித்தான் டீச்சர்.

அந்த மண்டபத்தில் நீங்கள் அடித்த கூத்தை மறக்க முடியாது. ஒருவர் பிள்ளையாகவும் இன்னொருவர் உதவியாளராகவும் நடித்துக் காட்ட வேண்டும் என்றார் பயிற்சி நடத்திய அம்மா. நீங்கள் சேலையை வரிந்துகொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டீர்கள். "வரமாட்டேன் போ!" என்று அங்கிருந்து ஒரே கத்தல். இது எனக்கு வைத்த பரீட்சையோ என்று நான் சிறிது நேரம் விறைத்து நின்றேன். பிறகு வகுப்பில் செய்வதுபோல் தரையில் உட்கார்ந்து, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை மடிக்க ஆரம்பித்தேன். நீங்கள் தவழ்ந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மத்தியானம்தான் குட்டு வெளிப்பட்டது. பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு வேலையைப் பழக்கினால், பிடியைச் சிறுகச் சிறுகத் தளர்த்த வேண்டும் என்று அந்த அம்மா செய்து காட்டினார். முதலில் விரலை விட்டு மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோள், கடைசியில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. நான் சட்டென்று உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அதற்கு முன்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தர்ஷினிக்காகத்தான் என்னை அங்கே கூட்டிவந்திருந்தீர்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, பேச்சு கிடையாது. என் உள்ளங்கைக்குள் அவள் கை இருந்தால்தான் கரண்டி வாய்க்குப் போகும். நான் விடுப்பு எடுத்தால் அன்றைக்குப் பட்டினி. காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்திருக்கிறேன். "நீங்க இல்லன்னா என் பிள்ளை இல்ல தனம்" என்று அவளுடைய அம்மா பள்ளி வாசலில் ஒருமுறை சொன்னார். அந்த வார்த்தையைப் பலநாள் மனத்துக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், அக்கரைச் சிங்கப்பூரிலிருந்து வரும் வண்டிகளும் சேர்ந்துகொள்ள, சாலை நகரவே இல்லை. சண்டை போட நல்ல வசதி.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா டீச்சர்?"

"ஆமா." மழுப்பக்கூட இல்லை நீங்கள். "நீங்க லீவு போடற நாள்ல அவ சாப்பிடறதே இல்ல. அது உங்களுக்குப் பெருமையா இருக்கு தனம். எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அதோடும் விடவில்லை. "ஷகிலான்னு இன்னொரு உதவியாளர் வரப்போறாங்க. நீங்கதான் அவங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கணும்."

பிடித்துவிட்டேன் பாருங்கள், அதே தெப்ராவ்! "அவங்க கத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"தர்ஷினி தானா சாப்பிட்டா நான்கூட எதுக்குத்தான்? போகட்டும் லா. அவங்களுக்கு நாம வேண்டாம்னு ஆகறதுதானே நம்ம வேலை."

"நல்லா பேசறீங்க" என்றேன். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஷகிலா வந்தாள். கெலாங் பாத்தாவில் அவளுடைய அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கடை. நல்ல பெண், அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. மூடியைத் திருப்பிப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தேன், ஒரு கீறலும் அகப்படவில்லை. சொல்லிக்கொடுத்தேன். அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும், வீட்டுக்கு அனுப்பத்தான் என்று நினைத்துக்கொண்டே போவேன்.

அப்புறம் நீங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒன்றை ஆரம்பித்தீர்கள். பிள்ளைகள் போனபின் நாம் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும், அந்த வாரம் மனத்தில் ஏறிய பாரத்தை இறக்கிவைக்க வேண்டும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாதா? இங்கே சொல்வது நேராக அலுவலகத்துக்குப் போகும் என்று நினைத்தேன். "எனக்கு ஒன்னும் இல்ல" என்றே பல வாரம் ஓட்டினேன். நீங்கள் கத்திய கத்தலில் ஒரு பிள்ளை பயந்து நனைத்துக்கொண்டதை நீங்களே கண்ணீரோடு சொன்ன பிறகும் நான் மசியவில்லை. கடைசியில் ஒரு பொய்யை விட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். அலுவலகத்தில் யாராவது அதைப் பற்றிக் கேட்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் வண்டி நிறுத்துமிடத்தில் நீங்கள்தான் தயங்கித் தயங்கி வந்தீர்கள். "தனம், அந்தச் சிங்கப்பூர் வேலை என்னாச்சு? நீங்க போயிடுவீங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

"பொய் டீச்சர். நீங்க வெளியில சொல்றீங்களான்னு சோதிச்சேன்."

வண்டியில் சாய்ந்துகொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார். "பாஸா ஃபெயிலா?" என்றீர்கள். பாஸ் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான்தான் அதிகம் பேசினேன்.

தர்ஷினி லேசில் விடவில்லை. என் கை மணிக்கட்டுக்கு நகர்ந்ததும் தட்டைத் தூக்கி எறிந்தாள். மறுநாளும் எறிந்தாள். நீங்களும் நானும் குனிந்து சோற்றைக் கூட்டி அள்ளினோம். எத்தனையோ நாள் கழித்து, நான் எட்டி உட்கார்ந்திருந்தபோது, கரண்டி தானாக மேலே போனது. பாதி மடியில் கொட்டியது, மீதியை மென்று விழுங்கினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, இனி என்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் யாரும் அனுப்பவில்லை. இந்த வகுப்புக்கு இரண்டு பேர் வேண்டும் என்று மேலிடமே தீர்மானித்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். நான் நம்பவில்லை. அதற்காக யாரோ நடையாய் நடந்திருக்கிறார்கள். நீங்களாகத்தான் இருக்கும். கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினீர்கள், இப்போது கேட்கவும் வழியில்லை.

பள்ளி விடுமுறையில் போய்விட்டீர்கள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நான் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வகுப்பு உடைந்துபோகும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தர்ஷினி வாசலில் நின்று உங்கள் நாற்காலியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஷகிலா பாட்டை ஆரம்பித்தாள், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஓய்வு நேரத்தில் தர்ஷினி யார் துணையும் இல்லாமல் தட்டைக் காலி செய்தாள். நீங்கள் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை டீச்சர். ஒரு பிள்ளையாவது அன்றைக்குத் தட்டைத் தூக்கி எறியக்கூடாதா என்று இருந்தது. ஷகிலாவிடம் வகுப்பை விட்டுவிட்டு, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்று பள்ளி விடும்போது, சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போய்ப் பேசுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்னைக் கேட்டார் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். சனிக்கிழமை அந்தப் புதுப் பெண்கள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பார்க்கவும் வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பேன். கடைசியாக ஒன்றைச் சொல்வேன்: "பிள்ளைங்க நாம இல்லாமப் பழகிக்குவாங்க. நமக்குத்தான் ரொம்ப நாளாகும்."

எனக்கு இன்னும் பழகவில்லை, டீச்சர்.

தனம்