ஆணியில் மாட்டிய கார் சாவி

ஹான்காக், மிச்சிகன்
9 மார்ச் 1988

அன்பு மகள் கைசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ரேமனும் குழந்தை ஐரிஸும் அங்கே நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் போன வியாழக்கிழமையே வந்துவிட்டது. பதிலுக்கு ஆறு நாள் ஆனது சோம்பலால் இல்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

ஏரி இன்னும் உறைந்து இறுகித்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு லெம்பி வாரம் தவறாமல் ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடவே கொஞ்சம் திட்டிவிட்டும் போகிறாள். நீ கூப்பிட்டிருக்கும் விஷயத்தைச் சொன்னேன். "போயேன்டி, பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு வெயில்ல கிட. இங்க யாருக்காகப் பனி தள்ளிக்கிட்டு இருக்க?" என்றாள். அவளிடம் சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொல்கிறேன்.

மே மாதத்திலிருந்து வேலைக்குத் திரும்பப் போவதாகவும், குழந்தையைக் காலை முதல் மாலை வரை என்னிடம் விட்டுவிட்டால் நிம்மதி என்றும் எழுதியிருந்தாய். சின்னக் குளியலறையின் ஜன்னலை அடைத்து ரேமன் எனக்குப் படம் கழுவ இருட்டறை செய்து தருவானாம். வெளியே சிவப்பு பல்பும் மாட்டித் தருவானாம், நம் வீட்டில் இருப்பது போலவே. நல்ல பிள்ளை. அந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நம் வீட்டுப் பல்பை மாட்டியது உன் அப்பா. அப்போது நீ பால்வாடி வயது. ஒருநாள் காபி சாப்பிடுகிறாயா என்று கேட்க அவர் இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டார். ஒரு பெட்டி ஃபோட்டோத் தாள் முழுவதும் வெளிச்சம் பட்டு வீணாயிற்று. நான் கத்திய கத்தலில் நீ அழுதாய். மறுநாளே கதவுக்கு மேலே பல்பு மாட்டி, அது எரிந்தால் யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று உனக்கும் தனக்கும் சட்டம் போட்டுக்கொண்டார். லெம்பி வந்து பார்த்துவிட்டு, "ஏன் எய்னோ, இவளைக் கட்டினதுக்கு ஒரு குதிரையைக் கட்டியிருக்கலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பியாவது பாத்திருக்கும்" என்றாள். உன் அப்பா அதற்கு ஒரு வாரம் சிரித்தார். அந்தச் சட்டத்தைப் பதினெட்டு வருடம் காப்பாற்றினார். புகைபோக்கி தீப்பிடித்த அன்றுகூடத் தனியாகவே அணைத்துவிட்டு, நான் வெளியே வந்த பிறகுதான் சொன்னார்.

குளிரில் உறைந்து அவருடைய இடது கால் விரல் இரண்டு போன கதை உனக்குத் தெரியும். ஐஸில் ஓட்டை போட்டுத் தூண்டில் வைத்திருந்தவர் அசந்து தூங்கிவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார், நீயும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். அவர் தூங்கவில்லை. கரையோரம் வீடு உயரத்துக்கு எழும்பியிருந்த ஐஸ் பாளங்களை நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரியது என்று தெரிய அதன் அடியில் ஓர் ஆள் வேண்டும். அங்கே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றேன். வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. நானும் இடம் மாறிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் நான் அவரைப் பார்க்கவே இல்லை கைசா, படத்துக்குள் இருந்த ஒரு கறுப்புப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிலிம் தீர்ந்த பிறகுதான் எனக்கு ஒரு புருஷன் இருப்பது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ சொல்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார்.

இப்போது அப்பா இறந்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள்.

உன்னிடம் நான் சொன்னது இது: ஆவிக் குளியலுக்காகக் கொல்லையில் இருக்கும் சவுனாவில் அடுப்பு மூட்டிவிட்டு வந்து, அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது தூங்குவதுபோல இருந்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. டாக்டரிடமும் இதையே சொன்னேன். அதை வைத்துத்தான் அவர், மாரடைப்பு, நொடியில் முடிந்திருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருடத்தைத் தள்ளியதாக நீ எழுதியிருக்கிறாய்.

அவர் கதவைத் தட்டினார்.

ஒரு தட்டு. சத்தமாகக்கூட இல்லை. பதினெட்டு வருடத்தில் முதல் முறை. எனக்குக் கேட்டது. மருந்துத் தட்டில் கிடந்த தாளில் அப்போதுதான் படம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஐஸ் பாளம்தான். சவுனா சூடாகிவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறார் என நினைத்தேன். இல்லை, பொய் வேண்டாம். எதையும் நினைக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. "ரெண்டு நிமிஷம்" என்றேன். பிறகு, "சரி ஹெல்வி. அவசரமில்ல" என்றார். அவர் குரல் வழக்கம்போலவே இருந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

உள்ளே என்னிடம் இருப்பது நொடிகளை எண்ணும் கடிகாரம். தாள் எத்தனை நொடி மருந்தில் கிடந்தது என்று ஒரு நொடி பிசகாமல் சொல்வேன். அன்று மணி என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐஸின் கறுப்பு எனக்குப் பிடித்தபடி வரவில்லை. மறுபடியும் போட்டேன். மறுபடியும் போட்டேன். அன்று பிற்பகல் உன் அப்பாவைப் பதினொரு தடவை அச்செடுத்தேன். ஒவ்வொரு தடவையும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தபோது ஜன்னலில் இருட்டியிருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார், அது உண்மை. ஆனால் கோட் போட்டிருந்தார். ஒரு காலில் பூட்ஸ், மற்றதில் இல்லை. கையில் கார் சாவி இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தன்னால் காரை ஓட்டிப்போக முடியாது என்று தெரிந்துதான் என்னைக் கூப்பிட வந்திருக்கிறார்.

போனை எடுப்பதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவியை அவர் கையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன். பூட்ஸைக் கழற்றினேன். கோட்டைக் கழற்றினேன், அதற்கு நேரம் பிடித்தது. ஒரு கம்பளியை மடியில் போர்த்தினேன். நீ மனத்தில் வைத்திருக்கும் அந்த அமைதியான காட்சி நான் ஜோடித்தது. எதையும் படச் சட்டத்துக்குள் அடக்கிப் பார்த்தே பழகிய கை, அப்போதும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் போன பிறகு சவுனாவுக்குப் போய் அடுப்பின் கற்களைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தன. அந்தக் கற்கள் ஆற எத்தனை மணி நேரமாகும் என்று இந்த ஊரில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு கேமராவை ஏரியில் எறிந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எறியவில்லை. காரியம் முடிந்து ஒன்பதாம் நாள் மறுபடி உள்ளே போனேன். பன்னிரண்டாவது அச்சு நன்றாக வந்தது. நன்றாக வந்ததில் எனக்குச் சந்தோஷமும் வந்தது. என்னைப் பற்றி எனக்குப் பிடிக்காத விஷயங்களில் முதலிடம் அந்தச் சந்தோஷத்துக்குத்தான். போன செவ்வாய்க்கிழமை பால் வைத்துவிட்டு ஜன்னலருகே போனேன், கண்ணாடியில் பனி பூத்திருந்த விதம் கண்ணில் பட்டது. புகை மண்டிய பிறகு லெம்பி கதவை இடித்துத் திறந்தாள். பாத்திரத்தின் அடி உருகி அடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம், நான்கு தடவை.

உன் ஐரிஸுக்கு இன்னும் என் பெயர்கூடத் தெரியாது. அழ மட்டும்தான் தெரியும்.

குழந்தையை என்னிடம் விடாதே. காசு போனாலும் வேறு ஆள் பார். ரேமனிடம் அந்த ஜன்னலை அடைக்க வேண்டாம் என்று சொல், குளியலறை குளியலறையாகவே இருக்கட்டும். நீ வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கூப்பிட்டால், கேமரா இல்லாமல் வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொள்கிறேன். கூப்பிட மனம் வராவிட்டால் அதற்கும் உனக்கு நியாயம் இருக்கிறது. இத்தனை நாள் உன்னிடம் இருந்த ஆறுதலை நான் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை.

குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அவள் அழுதால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, அது எதுவாக இருந்தாலும்.

இருட்டறைக் கதவை நேற்றுக் கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கமாகப் போன் செய்யும் நேரத்துக்கு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இந்த ஞாயிறு முடியாவிட்டால் அடுத்த ஞாயிறும் அங்கேதான் இருப்பேன். அவசரமில்லை, கைசா.

உன் அம்மா,
ஹெல்வி